ரோட்டைப் பாருங்க

"பதினோரு செகண்டு, அண்ணா," என்றாள் கலைமகள். "மரப்பாலம் சிக்னல் தாண்டினதுலேந்து பதினோரு செகண்டு நீங்க ரோட்டையே பாக்கல. ஸ்கிரீனைத்தான் பாத்திருக்கீங்க."

சின்னக்கண்ணு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மேடம், மரப்பாலத்துல பதினோரு செகண்டு ரோட்டப் பாக்காம ஓட்டியிருந்தா, நாம ரெண்டு பேரும் இப்ப ஏதாவது ஒரு லாரிக்கு அடியில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருப்போம்."

"நான் சொல்லலண்ணா. கேமரா சொல்லுது."

"அப்ப அதையே டீ குடிக்கக் கூப்புடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் மீதி டீயைக் குடித்தார்.

உப்பளம் பகுதியில் ஸ்டேடியத்துக்குப் பின்புறம் ஒரு மாடியில் கலைமகளின் ஆபீஸ். மொத்தம் எட்டுப் பேர். கார்களின் டேஷ்போர்டில் இருக்கிறதே ஒரு திரை, அதில் வழி காட்ட, பாட்டு போட, போன் எடுக்க, ஏசியைக் கூட்டிக் குறைக்க ஆப் செய்து தருவது அவர்கள் தொழில். அந்தத் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது கலைமகள். பத்து வருஷ அனுபவம். கார் ஓட்டுபவரின் மனசு தனக்குத் தெரிந்த மாதிரி அவர் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது என்பது அவள் எண்ணம்.

இந்த முறை வேலை கொடுத்திருப்பது பிரான்சில் லியோன் நகரத்துக் கார் கம்பெனி ஒன்று. அவர்கள் போட்ட விதி கறாரானது. ஓட்டுபவர் எந்தக் காரணத்துக்குத் திரையைப் பார்த்தாலும் இரண்டு செகண்டுக்குள் கண் ரோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். மொத்தப் பயணத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கண் திரையில் இருக்கக் கூடாது. இதை அளக்க அவர்களே ஒரு கேமராவையும் அனுப்பியிருந்தார்கள். ரெட்டியார்பாளையத்தில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் செம்மல் வந்து, திரைக்கு மேலே இருந்த கறுப்புக் கண்ணாடிப் பட்டைக்குள் அதை மாட்டிவிட்டுப் போனான். கேமரா யாருடைய முகத்தையும் படமாக அனுப்பாது. அது கம்பெனியின் இன்னொரு கறாரான விதி. கண் எங்கே பார்க்கிறது, எத்தனை செகண்டு பார்க்கிறது என்று எண்ணாக மட்டும் எழுதி அனுப்பும்.

முதல் நாள் வந்த எண் நாற்பத்தொன்று.

சின்னக்கண்ணுவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தவளக்குப்பத்துக்காரர். முப்பத்திரண்டு வருஷம் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டியவர். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பார். அவர் ஓட்ட, கலைமகள் மடியில் லேப்டாப்போடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ள, உப்பளத்திலிருந்து தவளக்குப்பம் வரை போய்த் திரும்புவதுதான் சோதனை.

நாற்பத்தொன்று என்றதும் கலைமகள் தன் மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டாள். திரையில் பன்னிரண்டு பொத்தான்கள், ஏழு நிறம். கல்யாண மண்டப வாசல் மாதிரி மினுக்கினால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? இரண்டு நாள் உட்கார்ந்து பன்னிரண்டை நான்காக்கினாள். நிறத்தையெல்லாம் வழித்துவிட்டுச் சாம்பலில் கொண்டுவந்து நிறுத்தினாள். மறுபடி தவளக்குப்பம் போனார்கள். வழி நெடுக, புதுத் திரை எப்படி வந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரே பெருமையாக இருந்தது.

எண் நாற்பத்தெட்டு.

"அண்ணா, அந்தச் சாம்பல் கலர்ல அப்படி என்ன இருக்குன்னு பாத்தீங்க?"

"சாம்பல் கலரா? எப்ப மாத்துனீங்க?" என்றார் சின்னக்கண்ணு.

கலைமகள் லேப்டாப்பை மூடினாள். தப்பு செய்தவர்கள் தெரியாத மாதிரி நடிப்பது சகஜம்தான்.

முதலாளி ஜோர்தான் தன் அறைக்கு அவளைக் கூப்பிட்டார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஜோர்தானும் பாதி வாழ்க்கையை அங்கே கழித்துவிட்டு ஐம்பது வயதில் திரும்பி வந்து கம்பெனி ஆரம்பித்தவர்.

"கண்ணுக்கு வேல கொடுத்தாத்தானே பாப்பான்? காதுக்கு வேல கொடு," என்றார். "வழிய ஸ்கிரீன்ல காட்டாத. வாயால சொல்லட்டும். வுவாலா, முடிஞ்சுது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு வாரத்தில் ஆப் பேச ஆரம்பித்தது. ஒரு பெண்ணின் குரல், தெளிவான தமிழ். கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் சோதித்துப் பார்க்கலாம் என்று ஜோர்தானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"இன்னும் ஐம்பது மீட்டரில் இடது பக்கம் ரூபாய் சுஃப்ரேன்," என்றது குரல்.

சின்னக்கண்ணு வேகத்தைக் குறைத்தார். "எவ்ளோ ரூபான்னு சொல்லவே இல்லியே மேடம்."

"ரூபாய் இல்லப்பா," என்றார் ஜோர்தான் பின்னாலிருந்து, வலியோடு. "ரூ. ரூன்னா பிரெஞ்சுல தெரு. சுஃப்ரேன் தெரு."

"இடது பக்கம் திரும்பவும். ரூபாய் சுஃப்ரேன்," என்றது குரல். அடுத்த முனையில், "வலது பக்கம் ரூபாய் பஸ்ஸி," என்றது.

ஜோர்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கலைமகள் திரையில் எந்த எழுத்தைப் பார்த்து அப்படிப் படிக்கிறது என்று குனிந்து தேடிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு எண் ஐம்பத்தைந்து.

ராத்திரியோடு ராத்திரியாக அதைத் திருத்தி, இனிமேல் 'ரூ' என்று வந்தால் 'தெரு' என்று படிக்கும்படி செய்தாள். மறுநாள் முதலியார்பேட்டை பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியதும், "பெட்ரோல் லிட்டர் தெரு தொண்ணூற்றாறு," என்று குரல் அறிவித்தது. பங்க்கில் பெட்ரோல் போட்டவர், அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று சின்னக்கண்ணுவைக் கேட்டார்.

இத்தனைக்கும் பிறகு எண் இறங்கவில்லை. காதுக்கு வேலை கொடுத்தும் கண் திரையிலேயே நிற்கிறதென்றால் இனிக் கண்டிக்கத்தான் வேண்டும் என்று கலைமகள் முடிவு செய்தாள். கேமராவையும் குரலையும் இணைத்தாள். கண் திரையில் இரண்டு செகண்டுக்கு மேல் நின்றால், 'ரோட்டைப் பாருங்க' என்று குரல் உரக்கச் சொல்லும்.

மரப்பாலம் தாண்டுவதற்குள் ஏழு தடவை சொல்லிவிட்டது.

"ரோட்டைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்," என்றார் சின்னக்கண்ணு.

"ரோட்டைப் பாருங்க."

"வேற எங்கம்மா பாக்கறேன்?"

அவருக்கு வியர்த்துவிட்டது. கண்ணை அகலத் திறந்து, கழுத்தை முன்னால் நீட்டி, வண்டிக்கு வெளியே போய்விடுவார் போல ரோட்டைப் பார்த்தார். கலைமகளுக்கும் பதற்றம். ஒவ்வொரு தடவையும் குரல் சரியான நேரத்தில்தான் வருகிறதா என்று செகண்டு எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

முருங்கப்பாக்கத்தில் போக்குவரத்து நின்றது. கண்ணாடி இறக்கியிருந்தது. பக்கத்தில் பைக்கில் ஒருவன்.

"ரோட்டைப் பாருங்க," என்றது குரல்.

பைக்கில் இருந்தவன் திரும்பினான். "என்னா சார், நான் பாத்துத்தான் போறேன். நீங்க யாரு எனக்குச் சொல்றதுக்கு?"

"உன்னச் சொல்லல தம்பி. என்னச் சொல்லுது."

அவன் குனிந்து உள்ளே பார்த்தான். வண்டியைப் பார்த்தான், சின்னக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தான்.

"உங்கள எதுக்குண்ணா சொல்லுது? நீங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க."

"அதத்தான் தம்பி நானும் கேக்கறேன்," என்றார் சின்னக்கண்ணு.

அன்றைக்கு எண் ஐம்பத்தொன்பது. கலைமகள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். வண்டி நகர ஆரம்பித்ததும் திரையே அணைந்துவிடும். பொத்தான் இல்லை, படம் இல்லை, எழுத்து இல்லை. வெறும் கறுப்பு. பார்க்க ஒன்றுமே இல்லாத இடத்தை எந்த மனுஷனும் பார்க்கமாட்டான். நடுவில் எங்காவது திடீரென்று எரிந்து தொலைத்துவிடுமோ என்ற பயம் மட்டும் அவளுக்கு வழி முழுக்க இருந்தது. எரியவில்லை. போய்த் திரும்பும் வரை கறுப்பாகவே இருந்தது. அவளே சாட்சி.

எண் அறுபத்திரண்டு.

ஜோர்தான் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "மோன் தியே, கடவுளே. அணைஞ்ச ஸ்கிரீனையா பாக்கறான்?"

"ஆமா சார்."

"அதுல என்ன தெரியுதாம் அவனுக்கு?"

"ஒண்ணும் பாக்கலன்னு சொல்றாரு."

"கண்ணு டெஸ்ட் பண்ணு," என்றார்.

கண் டாக்டரிடம் கலைமகளே கூட்டிக்கொண்டு போனாள். சின்னக்கண்ணு சுவரில் இருந்த அட்டையின் கடைசி வரி வரை படித்தார். அதற்குக் கீழே அட்டையை அச்சடித்த பிரஸ்ஸின் பெயரையும் விலாசத்தையும் சேர்த்துப் படித்தார். டாக்டர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்து, அப்படி ஒரு வரி அங்கே இருப்பது தனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றார்.

புதன்கிழமை லியோனிலிருந்து ஒரேலி வீடியோவில் வந்தாள். கார் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவி. வெள்ளிக்கிழமைக்குள் விதிக்கு உட்பட்ட ஒரே ஒரு பயணமாவது காட்டாவிட்டால் வேலையை வேறு ஊருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். ஜோர்தான் பிரெஞ்சில் பத்து நிமிஷம் பேசினார். அதில் 'சின்னக்கண்ணு' என்ற பெயர் மட்டும் நான்கு தடவை கலைமகளின் காதில் விழுந்தது.

வீடியோ அணைந்ததும் அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஆப்ல தப்பில்ல. ஆளுதான் தப்பு. அவன மாத்து."

அந்தச் சேதியைச் சொல்வதற்குக் கலைமகளுக்கு அரை நாள் பிடித்தது. நல்ல மனுஷன். அவள் வண்டியில் ஏறும்போதெல்லாம் சீட்டைத் துணியால் தட்டிவிடுவார். ஆனால் அறிக்கையில் 'ஓட்டுநரின் கவனம் எளிதில் சிதறுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். எண்ணை வைத்துக்கொண்டு வேறு எப்படி எழுதுவது?

சின்னக்கண்ணு சண்டை போடவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம்," என்றார். "மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு மட்டும் எத்தன தடவ போயிருப்பேன்னு கணக்கே இல்ல. வெள்ளக்காரங்க பின்னாடி தூங்கிடுவாங்க மேடம். அவ்ளோ நம்பிக்க. இப்ப ஒரு பெட்டி வந்து நான் ரோட்டப் பாக்கலங்குது. சரி, இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். புதுசா யாரு ஓட்டுனாலும் நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். நான் என்னா தப்பு பண்ணேன்னு தெரிஞ்சிக்கணும்ல?"

சரி என்று கலைமகள் தலையாட்டினாள்.

புது டிரைவர் கிடைக்கவில்லை. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. ஊர் முழுக்க பெங்களூர்க்காரர்கள். இருந்த டிரைவர்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜோர்தான் கேட்டார்.

"உங்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

இருந்தது. எடுத்து ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தில் அவள் ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டவில்லை என்பதைச் சொல்ல நினைத்தாள். ஆனால் கார் ஓட்டுபவர்களின் மனசைப் பற்றி இத்தனை வருஷம் எல்லாருக்கும் பாடம் எடுத்துவிட்டு அதை எப்படிச் சொல்வது?

இந்தத் தடவை எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தார்கள். திரை எரியும், குரல் பேசும், எச்சரிக்கையும் உண்டு. கலைமகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். சின்னக்கண்ணு பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டி, அது மாட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

வண்டி இரண்டு தடவை குதித்துக் கிளம்பியது.

முதலில் ஏசி அதிகம் என்று தோன்றியது. குறைக்கும் பொத்தானைத் தேடினாள். நான்கே நான்கு பொத்தான், எல்லாம் சாம்பல் நிறம். எது ஏசி, எது பாட்டு என்று அவளுக்கே புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, ஐஸ் பெட்டிகளை அடுக்கிய மீன் டெம்போ ஒன்றின் பின்பக்கம் முகத்துக்கு நேரே இருந்தது. பிரேக்கை மிதித்தாள். சின்னக்கண்ணுவும் மிதித்தார். அவர் பக்கம் வெறும் தரைதான் இருந்தது.

"மேடம், நிதானமா."

"நிதானமாத்தாண்ணா போறேன்."

குரல் ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லையே என்று அவளுக்குத் தைரியம் வந்தது.

அரியாங்குப்பம் பாலத்தில் போன் வந்தது. வீட்டுக்காரர். வெட்டிவிடலாம் என்று திரையைத் தொட்டாள். அது பாட்டு. பாட்டை நிறுத்தத் தொட்டாள். அது வரைபடம். மாட்டு வண்டி ஒன்று தானாகவே ஒதுங்கிக்கொண்டது. சின்னக்கண்ணு மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ரோட்டை விட்டு அவர் கண் இம்மியும் நகரவில்லை. தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் இளநீர்க் கடைக் குடையை வண்டியின் பக்கக் கண்ணாடி லேசாக உரசி அரைவட்டம் சுற்றிவிட்டது. தெரிந்த கடைக்காரர் சின்னக்கண்ணுவைப் பார்த்துக் கையை ஆட்டினார். பதிலுக்குத் தலையைத் திருப்பக்கூட இவருக்குத் துணிவில்லை.

போய்த் திரும்பிய அந்த ஒரு மணி நேரத்தில் 'ரோட்டைப் பாருங்க' என்று குரல் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கலைமகளுக்கு அது உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. இரண்டு செகண்டைத் தாண்டியிருக்குமே என்று தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. பொத்தான்களின் இடத்தை முடிவு செய்தவளே அவள். ஒரு வீச்சில் பார்த்துவிட்டு மீண்டிருப்பாள். தனக்கே தெரியாத வேகம். பத்து வருஷ அனுபவம் என்றால் சும்மாவா?

எண் வந்தது. பூஜ்யம்.

ஜோர்தான் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கை கொடுத்தார். "பிராவோ, கலைமகள்." சாயங்காலம் ஒரேலியின் கடிதம் வந்தது. எட்டுப் பேரையும் நிற்கவைத்து, முதலில் பிரெஞ்சில் படித்து, பிறகு தமிழில் சொன்னார் அவர். நான்கு நாட்டு டிரைவர்களைச் சோதித்திருக்கிறார்களாம். இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லையாம். இருபது கிலோமீட்டரில் ஒரு தடவைகூடத் திரைப் பக்கம் திரும்பவில்லை, கண் சிமிட்டியதுகூட வழக்கத்தில் பாதிதானாம். கலைமகள் லியோனுக்கு வந்து அங்கிருக்கும் டிரைவர்களுக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுக்க வேண்டுமாம்.

எல்லாரும் கை தட்டினார்கள். அப்படியொன்றும் இல்லை என்கிற மாதிரி கலைமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் புது வண்டி வந்தது. அதிலும் திரையும் கேமராவும் மாட்ட செம்மல் வந்திருந்தான். வாசலில் வண்டிக் கதவைத் திறந்துபோட்டு, டேஷ்போர்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தான். கலைமகளும் ஜோர்தானும் பக்கத்தில் நின்று பயணத் தேதியைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சின்னக்கண்ணு வந்தார். புதிதாகத் துவைத்த சட்டை. பழைய வண்டியின் சாவியைக் கலைமகளிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"வச்சிக்குங்க மேடம். இனிமே நான் ஸ்டீயரிங்கத் தொடறதா இல்ல."

"என்னண்ணா இது. ஊர்ல வேற வண்டி ஓட்டலாமே."

"வேணாம். எனக்கே எம்மேல நம்பிக்க போயிடுச்சு. உங்களத் தப்பா நினைக்கறதா நினைக்காதீங்க. அன்னிக்கு நீங்க ஓட்டுனப்ப எனக்கு என்னமோ நீங்க ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு வர்ற மாதிரி இருந்துச்சு. அந்தக் கொடய இடிச்ச மாதிரிகூட இருந்துச்சு. உசுரக் கையில புடிச்சிக்கிட்டுத்தான் வந்தேன். பாத்தா, நீங்க ஒரு வாட்டிகூடத் திரும்பலன்னு பிரான்சுலேந்து எழுதியிருக்காங்க. அப்ப எங்கண்ணுதான பொய் சொல்லுது? இந்தக் கண்ண வச்சிக்கிட்டு நான் ஜனங்கள ஏத்தக் கூடாது மேடம்."

ஜோர்தான் அவர் தோளைத் தட்டினார். "வயசாகறது எல்லாருக்கும் உள்ளதுதாம்ப்பா."

"ஆமாங்க முசே," என்றார் சின்னக்கண்ணு.

கலைமகளுக்கு மனசு இளகிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு, "கவலப்படாதீங்கண்ணா. லியோன் போய்ட்டு வந்ததும் ரோட்ட எப்படிப் பாக்கணும்னு நானே உங்களுக்குச் சொல்லித் தரேன்," என்றாள்.

அவர் கும்பிட்டார்.

அப்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து செம்மல் தலையை வெளியே எடுத்தான். வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"மேடம், ஒரு சந்தேகம். பிரான்சுலேந்து அனுப்பின படத்துல டிரைவர் இடது பக்கம் உக்காந்திருக்காரு. அதப் பாத்துப் பழைய வண்டியில கேமராவ அந்தப் பக்கத்து சீட்டப் பாக்கற மாதிரியே மாட்டிட்டேன். இதுலயாவது ஸ்டீயரிங் இருக்கற பக்கமாத் திருப்பி மாட்டட்டுமா?"